அப்பாவும் தப்பு, மகளும் தப்பு

கேள்வி: டிசம்பர் கடைசியில் நானும் மனைவியும் ஸ்காட்லாந்தில், அபர்தீனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஜனவரி முடியும்வரை இருப்போம். நார்வே பக்கமிருந்து வந்த வைக்கிங் கடலோடிகளின் காலத்திலிருந்து ஆயிரம் வருடமாக ஷெட்லாந்து தீவுகளில் நடந்துவரும் 'அப் ஹெலி ஆ' நெருப்புத் திருவிழாவில் கலந்துகொள்ள ஆசை. 'அதெல்லாம் டூரிஸ்டுகளுக்காகப் போடும் வேஷம்' என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை.

முதலில் உங்கள் ஆயிரம் வருடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷெட்லாந்தின் லெர்விக் ஊர் இளைஞர்கள், பண்டிகைக் காலத்தில் தார் பீப்பாய்களைக் கொளுத்தித் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போவார்கள். ரகளை தாங்காமல் 1874-இல் அதற்குத் தடை வந்தது. நெருப்பை விட மனமில்லாதவர்கள் 1881-இல் அதையே தீப்பந்த ஊர்வலமாக மாற்றினார்கள். அந்த ஊர்வலத்தில் வைக்கிங் கப்பல் வந்து சேர்ந்தது 1889-இல்தான். ஷெட்லாந்து ஒரு காலத்தில் நார்வே அரசரின் தீவுக்கூட்டம், அவர் மகளின் சீதனப் பணத்துக்கு ஈடாக 1469-இல் ஸ்காட்லாந்திடம் அடகு வைக்கப்பட்டு மீட்கப்படாமலே போனது என்பதெல்லாம் உண்மை. ஆனால் நீங்கள் பார்க்கப்போகும் விழாவுக்கு வயது நூற்று நாற்பது சொச்சம், அவ்வளவுதான்.

அடுத்து உங்கள் மகள். டூரிஸ்டுகளுக்காக என்றால் அதை ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கிழமையிலா வைப்பார்கள்? மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர், முகத்தில் அறையும் காற்று. அபர்தீனிலிருந்து ஓர் இரவு முழுக்கக் கப்பலில் போக வேண்டும். ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு கப்பலைக் கட்டி, சாயம் பூசி, அதைச் சுற்றி நின்று நூற்றுக்கணக்கான தீப்பந்தங்களை வீசி எரித்துவிடுகிறார்கள். அப்புறம் விடிய விடிய மண்டபம் மண்டபமாகப் போய் ஆடுகிறார்கள். ஊர்க்கதைகளைக் கிண்டலடித்து நாடகம் போடுகிறார்கள். மறுநாள் ஊருக்கே விடுமுறை. அந்த மண்டபங்கள் பெரும்பாலும் அழைப்பு உள்ளவர்களுக்குத்தான். லெர்விக் ஊர்வலத்தில் உள்ளூர்ப் பெண்களுக்கே 2023-இல்தான் இடம் கிடைத்தது! ஆக, நீங்கள் 'கலந்துகொள்ள' முடியாது. தெருவோரம் நின்று பார்க்கலாம். அதுவே பெரிய காட்சிதான், போய் வாருங்கள்.

கடல் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றால் அபர்தீனிலிருந்து மேற்கே பர்க்ஹெட் என்ற கடற்கரைக் கிராமம் இருக்கிறது. 1752-இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றிப் பதினோரு நாளை வெட்டியபோது, அந்த ஊர் பழைய கணக்கைக் கைவிடவில்லை. இன்றும் ஜனவரி 11-ஆம் தேதிதான் எரியும் தார் பீப்பாயைத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றுகிறார்கள். அதற்குப் பெயர் கிளேவி. அதன் கரித்துண்டு வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம்.

நீங்கள் உண்மையிலேயே பங்கெடுக்கக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு டிக்கெட் வேண்டாம். கிறிஸ்துமஸைத் திருச்சபையே ஒதுக்கி வைத்திருந்த நாடு ஸ்காட்லாந்து. அந்த நாள் அங்கே பொது விடுமுறை ஆனதே 1958-இல்தான். அதனால் கொண்டாட்டமெல்லாம் வருடக் கடைசி இரவான ஹோக்மனேயில் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு மணி அடித்தபின் வாசற்படி தாண்டி முதலில் வருபவர் கருமுடி ஆணாக இருந்தால் அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க நல்லது என்பது நம்பிக்கை. பொன்முடிக்காரர் வந்தால் ஆகாது. வைக்கிங் கொள்ளைக்காரர்களின் ஞாபகம் என்பார்கள். நீங்கள் ஆசைப்படும் அதே வைக்கிங்தான்! மகளை விட்டுப் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே பேசிவைக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு கரித்துண்டு, கொஞ்சம் ஷார்ட்பிரெட் பிஸ்கட், ஒரு விஸ்கி பாட்டிலோடு குளிரில் காத்திருந்து கதவைத் தட்டுங்கள்.

முடி நரைத்துவிட்டதே என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். டை அடித்துக்கொண்டு போங்கள்.