வாசகர் கேள்வி-பதில்: உயிர் போகும் இடத்தில் சிரித்த முகம்

கேள்வி: விண்கலத்தில் நடப்பதாக ஒரு தொடர் பார்க்கிறேன். போர்க்காலம், யார் எப்போது சாவார்கள் என்று தெரியாது. அங்கே மனநல ஆலோசகராக வருவது ஒரு சின்னப் பெண். பயிற்சியைக்கூட முழுசாக முடிக்கவில்லை, எப்போதும் சிரித்துக்கொண்டு படபடவென்று பேசுகிறாள். என் அண்ணன், “சாகப் போகிறவனிடம் இந்தப் பெண்ணை அனுப்பினால் எரிச்சல்தான் வரும்” என்கிறார். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. நிஜத்தில் இப்படி ஒருவர் சரிப்படுவாரா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: சரிப்படுவார். ஆனால் அவரைத் தனியாக விட்டுவிடக் கூடாது. விண்கலத்தை விடுங்கள், நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1914-இல் அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்கலாம் என்று ஷாக்கிள்டன் என்ற பயணத் தலைவர் கிளம்பிய எண்டூரன்ஸ் கப்பலில் 28 பேர் இருந்தார்கள். அதில் வானிலை ஆய்வாளராகப் போனவர் லெனார்ட் ஹஸ்ஸி, வயது 23. அதற்கு முன் அவர் பனிப்பிரதேசத்தைப் பார்த்ததே கிடையாது. சூடானில் அகழாய்வு வேலையில் இருந்தபோதுதான் விண்ணப்பம் போட்டார். அந்த வெயிலில் இருந்துகொண்டு ஒரு பையன் பனிக்கு வருகிறேன் என்கிறானே என்று ஷாக்கிள்டனுக்குச் சிரிப்பு வந்ததாம், ஆளையும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது, எடுத்துக்கொண்டார். குள்ளமான, கலகலப்பான, வாய் ஓயாத ஆள், கையில் பேஞ்சோ என்ற ஒரு தந்தி வாத்தியம். உங்கள் தொடரில் வரும் பெண்ணை அப்படியே இங்கே வைத்துப் பார்க்கலாம்.

1915 ஜனவரியில் கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் பனிக்குள் மாட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் நெருக்கி நெருக்கிப் பனி அதை நொறுக்க, அக்டோபர் கடைசியில் எல்லோரும் பனிப்பாளத்தின் மேல் இறங்க வேண்டியதாயிற்று. ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் சொந்தச் சாமான் என்று உத்தரவு. ஷாக்கிள்டன் தன்னிடம் இருந்த தங்கக் காசுகளையே எல்லோர் கண் முன்னும் பனியில் வீசினார். ஆனால் அந்த அளவைவிடப் பல மடங்கு கனமான பேஞ்சோவை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மனசுக்கு அது மருந்து, நமக்கு வேண்டியிருக்கும் என்றார். இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனசு நெகிழும். உயிர் பிழைக்கக் கிலோக் கணக்குப் பார்க்கும் நேரத்தில் ஒருவர் இசைக்கருவிக்கு இடம் ஒதுக்குகிறார்!

அப்புறம் 1916 ஏப்ரலில் பனிப்பாளத்திலிருந்து படகுகளில் போய்ச் சேர்ந்த இடம் எலிஃபண்ட் தீவு. உதவி தேடி ஷாக்கிள்டன் ஐந்து பேரோடு படகில் போய்விட, மீதி 22 பேர் கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில் நாலு மாதத்துக்கு மேல் கிடந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது, வெளிச்சத்துக்குச் சீல் (கடல்நாய்) கொழுப்பு விளக்கு, அதன் புகையில் முகமெல்லாம் கரி, சாப்பாடு சீலும் பெங்குவினும். சனிக்கிழமை தோறும் அங்கே கச்சேரி நடந்தது. ஹஸ்ஸி பேஞ்சோ வாசிக்க, ஒருவரை ஒருவர் கேலி செய்து தாங்களே கட்டிய பாட்டுகளைப் பாடினார்கள். ஹஸ்ஸியும் அதே ஈரப் படுக்கையில்தான் படுத்தார், அவருக்கும் அதே பசிதான். வெளியிலிருந்து வந்து “தைரியமாக இருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிற சிரிப்பாக அது இல்லை. உங்கள் அண்ணன் சொல்லும் எரிச்சல் ஹஸ்ஸி மேல் வராததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அண்ணன் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பேஞ்சோ எல்லோரையும் தேற்றிவிடவில்லை. ஹட்சன் என்ற அதிகாரி அந்தத் தீவில் மனம் உடைந்து படுத்தவர், பல வாரம் எழவில்லை. பிளாக்பரோ என்ற பையனுக்குக் கடும் குளிரில் உறைந்து கால் அழுகி, இடது கால் விரல்கள் ஐந்தையும் அந்தப் படகுக்கு அடியிலேயே குளோரோஃபார்ம் கொடுத்து வெட்டினார்கள். அதற்கு இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஷாக்கிள்டன் இல்லாதபோது தீவில் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் வைல்ட் அதற்கு முன்பே பல தடவை அண்டார்டிகா போய் வந்தவர். “பாஸ் (ஷாக்கிள்டன்) இன்றைக்கு வரலாம், படுக்கையைச் சுருட்டுங்கள்” என்று தினமும் காலையில் சொல்வார், எல்லோரும் சுருட்டுவார்கள். சும்மா ஒரு வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகாமல், நம்பிக்கையைக் கையால் செய்கிற வேலையாக மாற்றினார். முன்பு பனிப்பாளத்தில் கூடாரம் போட்டபோது, புலம்பக்கூடியவர்கள், குழுவோடு ஒட்டாதவர்கள் என்று தோன்றியவர்களை ஷாக்கிள்டன் தன் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். கஷ்டமான ஆட்கள் தலைவரிடம், காயம் டாக்டரிடம், கச்சேரி ஹஸ்ஸியிடம் என்று சுமை பிரிந்திருந்தது. இவ்வளவையும் அந்த 23 வயசுப் பையன் தலையில் கட்டியிருந்தால் அவரே உடைந்திருப்பார். தொடரில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் அனுபவசாலிகள் யாராவது நிற்கிறார்களா என்று கவனியுங்கள். யாரும் இல்லையென்றால் அண்ணன் ஜெயித்தார்.

கேள்வி: அனுபவம் உள்ள நிபுணரையே அனுப்பிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராதே?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வரும். 2010 ஆகஸ்ட் 5 அன்று சிலியில் சான் ஹோசே சுரங்கம் இடிந்து 33 பேர் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் சிக்கினார்கள். 17 நாள் வெளியுலகத் தொடர்பே இல்லை, ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை ஆளுக்கு இரண்டு ஸ்பூன் டூனா மீன், ஒரு வாய் பால். தொடர்பு கிடைத்தபின் மேலிருந்து உளவியல் நிபுணர்கள் தொலைபேசியில் பேசினார்கள். படித்தவர்கள்தான், நல்லெண்ணம்தான். ஆனால் குறுகலான துளை வழியே வீட்டிலிருந்து வந்த கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டு, தாமதமாக வருகின்றன என்று தெரிந்ததும் உள்ளே இருந்தவர்களுக்குக் கடும் கோபம். பெண்டாட்டி எழுதிய கடிதத்தை எவனோ முதலில் படிக்கிறான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

உள்ளே அவர்களைத் தாங்கியவர்கள் அவர்களில் சிலரேதான். யோனி பாரியோஸ் என்ற தொழிலாளி, சர்க்கரை நோயாளியான அம்மாவுக்கு ஊசி போட்டுப் பழகியவர், மேலிருந்த டாக்டர்கள் சொல்லச் சொல்ல எல்லோருக்கும் தடுப்பூசி போட்டார். ஹோசே ஹென்ரிக்கெஸ் தினமும் பிரார்த்தனை நடத்தினார். மாரியோ செபுல்வேதா கலகலப்பு, சத்தம், கேலி எல்லாம் கலந்த மனிதர். 69-ஆம் நாள் மேலே வந்ததும் பையிலிருந்து சுரங்கக் கற்களை எடுத்து, நினைவுப் பரிசு என்று அதிகாரிகளுக்குக் கொடுத்தார். உலகமே சிரித்தது. அதே மனிதர்தான், கீழே தான் கடவுளோடும் சாத்தானோடும் இருந்ததாகவும், இரண்டும் சண்டை போட்டுக் கடவுள் ஜெயித்ததாகவும் சொன்னார். சிரிக்க வைக்கிற ஆளுக்குப் பயம் இல்லை என்று நினைத்து, அவரிடம் “நீ எப்படி இருக்கிறாய்?” என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

கேள்வி: அப்படி ஓர் இடத்துக்குப் போகிற இளம் ஆலோசகர் முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: யாரையும் உட்கார வைத்து “நடந்ததைச் சொல்லுங்கள், மனசில் இருப்பதைக் கொட்டுங்கள்” என்று வற்புறுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் களப்பணியாளர்களுக்காக உளவியல் முதலுதவிக் கையேடு ஒன்றை வெளியிட்டது. நிபுணர் அல்லாதவர்களும் செய்யக்கூடியது அது. அதன் சாரம் மூன்று சொல்: பார், கேள், இணை. யாருக்கு உடனே உதவி தேவை என்று பார், பேச விரும்பினால் கேள், சாப்பாடோ தகவலோ வீட்டாரோ, எது வேண்டுமோ அதோடு இணைத்துவிடு. தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, கூடவே பாத்திரம் கழுவுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் இதில் சேரும். தன்னால் முடியாத ஆளைக் கண்டால் கூச்சப்படாமல் பெரியவரிடம் அனுப்ப வேண்டும். தான் அழுவதற்கும் ஒரு ஆளை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தேனி வாசகிக்கு ஒரு வரி பாக்கி. எலிஃபண்ட் தீவிலிருந்த 22 பேரையும் 1916 ஆகஸ்ட் 30 அன்று மீட்டது யெல்சோ, அதுவும் சிலி நாட்டுக் கப்பல்தான். பேஞ்சோவும் கூடவே வந்தது, இன்று கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹஸ்ஸி பிற்பாடு மருத்துவம் படித்து டாக்டரானார்.