அம்மப்பாவின் சுழியோடி மணிக்கூடு

கேள்வி: என் அம்மப்பா முல்லைத்தீவில் கடலட்டைக்குச் சுழியோடியவர். அவருடைய சீக்கோ மணிக்கூட்டை 2009இல் இடம்பெயரும்போது பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனோம், மீள்குடியேறியபோது தோண்டி எடுத்தோம். இப்போது அம்மா அதை எனக்குத் தந்திருக்கிறார். பின்மூடியில் 6309-7040 என்றும், 2N என்று தொடங்கும் ஓர் இலக்கமும் இருக்கின்றன. கிழமை அரபியிலும் வருகிறது. ஆட்டினால் கொஞ்சம் ஓடி நின்றுவிடுகிறது. கிளிநொச்சியில் ஒரு கடைக்காரர் முகப்பு, முள் எல்லாம் மாற்றி மினுக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? கட்டிக்கொண்டு கடலில் குளிக்கலாமா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: மினுக்கக் கொடுக்காதீர்கள் தம்பி. முகப்பையும் முள்ளையும் மாற்றவே வேண்டாம்.

6309-7040 என்பது மொடல் இலக்கம், அப்படியென்றால் உங்களிடம் இருப்பது சீக்கோ 1976 முதல் 1988 வரை செய்த சுழியோடி மணிக்கூடு. 2N என்று தொடங்கும் இலக்கத்தில் முதல் எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் O, N, D என்று போடுவார்கள். அந்த வருடங்களுக்குள் 2இல் முடிவது 1982 ஒன்றுதான், ஆகவே இது 1982 நவம்பரில் செய்தது. அரபிக் கிழமை இருப்பதால் வளைகுடா நாடுகளில் விற்க அனுப்பியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் சவூதி, குவைத் என்று வேலைக்குப் போன உறவினர் யாராவது கொண்டுவந்தார்களா என்று அம்மாவிடம் கேட்டு, தெரிந்ததையெல்லாம் இப்போதே எழுதிவையுங்கள், அம்மப்பா அதைக் கட்டியிருக்கும் படம் ஏதாவது தப்பியிருந்தால் அதையும் சேர்த்து.

இனி அசல்தானா என்று பார்க்க வேண்டும். இந்த மொடலுக்கு வெளியார் செய்த முகப்புகளும் முட்களும் சந்தையில் ஏராளம். 6 மணிக்குக் கீழே முகப்பின் விளிம்பில் 6309 என்று தொடங்கும் பொடி எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். சாவி (நேரம் மாற்றும் குமிழ்) 4 மணிப் பக்கம், திருகி இறுக்குவதாக இருக்க வேண்டும், பின்மூடியில் கடல் அலை பொறித்திருக்க வேண்டும். ஒளிப்பூச்சு மஞ்சளாகி இருட்டில் மினுங்காமல் போயிருந்தால் அது வயது, பழுதில்லை. சேகரிப்பவர்கள் அந்த மஞ்சளைத்தான் தேடுகிறார்கள். மினுக்கினால் உடலின் விளிம்புகள் மழுங்கிவிடும், பிறகு அவற்றை மீட்க வழியே இல்லை. உங்கள் அம்மப்பா கடலில் பட்ட கீறல்களை ஏன் அழிக்க வேண்டும்?

இப்போதைக்கு ஆட்டி ஆட்டி ஓடவிடாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், அப்படியே ஓடினால் பற்சில்லுகள் தேயும். மண்ணுக்குள் இருந்த மணிக்கூடு என்பதால் ஈரம் நுழைந்ததா என்றும் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் திறக்கச் சொல்லுங்கள். பழைய சீக்கோவைக் கழற்றிப் பூட்டிப் பழகிய ஒருவரைத் தேடிப் பிடித்து, கழுவி எண்ணெய் விட்டு, ரப்பர் வளையங்களை மட்டும் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வேறு எதை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், சின்ன முள் என்றாலும் சரி. மணிக்கூட்டை ஒப்படைக்கும் முன் முன்னும் பின்னும் படம் எடுத்துவிடுங்கள்.

கடலுக்கு வேண்டாம். முகப்பில் 150 மீற்றர் என்று இருப்பது அது புதிதாக இருந்தபோது உண்மை. 40 வருடத்துக்கு மேலான உடல், வளையம் மாற்றினாலும் உள்ளே துரு அரித்திருந்தால் உப்புத்தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். கையில் கட்டுங்கள், கலியாணத்துக்குப் போங்கள், மழை வந்தால் சட்டைப் பைக்குள் வையுங்கள். கட்டாத நாட்களில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியோடு மூடிய டப்பாவில் வைத்து, தொலைபேசி, ஸ்பீக்கர் பக்கம் போகாமல் பாருங்கள், காந்தம் பட்டால் நேரம் பிசகும். ஈரத்துக்கு அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதைச் செய்யாதீர்கள், அந்தத் தூசு உள்ளே போனால் இன்னொரு செலவு.