பாட்டாவின் கண் பேரனுக்கு வருமா?

கேள்வி: என் அப்பா தங்கல் போட்டில் கடலுக்குப் போனவர். ராத்திரி எதிரே வரும் போட்டில் எரிவது சிவப்பு விளக்கா பச்சையா என்று என் தம்பியிடம் கேட்டுத்தான் திருப்புவார். எனக்கும் தம்பிக்கும் நிறம் நன்றாகத் தெரியும். இப்போது என் நாலு வயது மகன் இலைக்குப் பழுப்பு நிறம் அடிக்கிறான். கணவர் சொந்த அத்தை மகன். பாட்டாவின் குறை இவனுக்கு வந்திருக்குமா?
- ஒரு வாசகி, குளச்சல்

பதில்: வந்திருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய உதவும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதற்கு ஜோடியாக ஒய் என்ற வேறு குரோமோசோம்; பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. உங்கள் அப்பா தன்னிடம் இருந்த அந்த ஒரே எக்ஸைத்தான் உங்களுக்குத் தந்திருக்கிறார், தருவதற்கு வேறு இல்லை, அதனால் அது உங்களிடம் இருப்பது நிச்சயம். அம்மா தந்த நல்ல எக்ஸ் ஈடுகட்டுவதால் உங்கள் கண்ணில் குறை தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டில் எது மகனுக்குப் போனது என்பது பூவா தலையா போட்ட மாதிரி. இன்னொரு பையன் பிறந்தாலும் காசை மறுபடி சுண்டுவதுதான். தம்பிக்கு அப்பா கொடுத்தது ஒய், ஆகவே அவர் பிள்ளைகளுக்கு இந்த வழியில் எதுவும் போகாது.

அத்தை மகன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் கவனமாகப் பார்க்கிறேன். அப்பாவுக்கு இது அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அதே எக்ஸ் உங்கள் அத்தைக்கும், அத்தையிடமிருந்து உங்கள் கணவருக்கும் வந்திருக்கலாம். கணவருக்கும் இருந்தால் மகனுடைய கணக்கு மாறாது, ஆனால் பெண் குழந்தை பிறந்தால் அவளுக்கும் பாதி வாய்ப்பு வந்துவிடும்.

சரி, நாலு வயதில் பிள்ளைகள் கைக்குக் கிடைத்த நிறத்தை அடிப்பதும் உண்டு, இலையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கணவரையும் மகனையும் சேர்த்துக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள், ஜப்பானில் 1917-ல் வந்தவை. எண் தெரியாத பிள்ளைகளுக்கு, வளைந்து போகும் கோட்டை விரலால் தொட்டுக் காட்டும் அட்டைகளும் அதில் இருக்கின்றன.

தயவுசெய்து அவனைத் திட்டாதீர்கள். இதற்கு மருந்து கிடையாது, ஆனால் பிறவியில் வரும் இந்தக் குறை வயதோடு கூடிக்கொண்டே போவதில்லை. டீச்சரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு கிரேயானிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுங்கள்.