5 வாரக் குஞ்சு மட்டும் சாவது ஏன்?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். 5 வாரக் குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்து, சுருண்டு படுத்துச் சாகின்றன. அதே கொட்டகையில் உள்ள 10 நாள் குஞ்சுகளுக்கும் முட்டைக்கோழிகளுக்கும் ஒன்றும் இல்லை. வெள்ளைக் கழிச்சலா? தீவனக் கோளாறா?

பதில்: தடுப்பு மருந்து கொடுக்காத கொட்டகையில் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) நுழைந்தால் குஞ்சு, கோழி என்று பார்க்காது. 3 முதல் 6 வாரக் குஞ்சுகளைப் பொறுக்கி அடிப்பது கம்போரோ வைரஸின் குணம். இருந்தாலும், செத்த குஞ்சு ஒன்றைச் சூடு ஆறுமுன் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொடைச் சதையில் ரத்தத் திட்டுகளும் பர்சா வீக்கமும் இருந்தால் பெரும்பாலும் கம்போரோதான்.

பர்சா என்பது ஆசனவாய்க்கு மேலே இருக்கும் சிறு பை. நோயை எதிர்க்கும் அணுக்கள் அங்கேதான் பயிற்சி பெறுகின்றன; வைரஸ் பெருகுவதும் அந்த அணுக்களில்தான். உங்கள் 5 வாரக் குஞ்சுகளுக்கு இப்போது பர்சா நன்றாக வளர்ந்திருக்கும், வைரஸுக்கு அது நல்ல வேட்டை. கோழி பருவத்துக்கு வரும்போது பாலின ஹார்மோன்கள் சுரந்து பர்சா சுருங்கிவிடும். முட்டைக்கோழிகள் தப்பியது அதனால்தான். ஆய்வில் பர்சாவை முன்பே அறுத்து எடுத்துவிட்ட குஞ்சுகளுக்கு வைரஸைச் செலுத்தியும் அவை சாகவில்லை.

எனக்குக் கவலை உங்கள் 10 நாள் குஞ்சுகள் மேல்தான். 3 வாரத்துக்குள் தொற்றினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே பர்சா கெட்டுப்போகும். பிறகு வெள்ளைக் கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்து கொடுத்தாலும் சரியாகப் பிடிக்காமல், மழைக்காலத்தில் அந்த நோய்க்கே பலியாகும். தாய்க்கோழியிடமிருந்து வந்த எதிர்ப்பு இருந்தால் கொஞ்சம் காக்கும், அதை நம்பி இருக்க முடியாது. இன்றே அவற்றை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். தீனி வைக்கும்போது முதலில் அவற்றிடம் போய்விட்டு, கடைசியாக நோய்க் குஞ்சுகளிடம் போங்கள். கம்போரோ தடுப்பு மருந்து வழக்கமாக 14ஆம் நாள் வாக்கில் கொடுப்பது. தொற்று பக்கத்திலேயே இருப்பதால் எப்போது கொடுப்பது என்பதை மருத்துவரே சொல்லட்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அதைக் கலக்கக் கூடாது.

நோய்க் குஞ்சுகளுக்கு வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஆன்டிபயாடிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. கடையில் கேட்டு சல்ஃபா மருந்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த நோயால் ஏற்கெனவே கெட்டிருக்கும் சிறுநீரகம் மேலும் கெடும். ஈரமில்லாத கூளம், பல்பு வெப்பம், எலக்ட்ரோலைட் கலந்த தண்ணீர், இவை போதும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் சாவு நின்றுவிடும். ஆனால் வைரஸ் கொட்டகையில் நான்கு மாதம்வரை கிடக்கும். பழைய கூளத்தை முழுக்க அள்ளிப் புதைத்து, கழுவி, கிருமிநாசினி தெளிக்காமல் அடுத்த குஞ்சுகளை இறக்காதீர்கள்.