விசாரணை எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

2024 மே மாதம் நம் மலேசியாவில், ஜொகூர் உலு திராம் காவல் நிலையத்தில் ஒருவன் இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றான். இப்படிப்பட்ட தீவிரவாதிகளுக்கு வழக்கு, வக்கீல் எல்லாம் எதற்கு? முன்பு விசாரணையின்றிக் காவலில் வைக்கும் இசா (உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) இருந்தது, பிடித்துக் கமுண்டிங் தடுப்பு முகாமில் போட்டார்கள், நாடு நிம்மதியாக இருந்தது. நீங்கள் ஏன் அதை எதிர்க்கிறீர்கள்?

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. நான் பூச்சோங்வாசி. 2016 ஜூன் 28 விடியற்காலை எங்கள் பூச்சோங்கின் மொவிடா மதுக்கூடத்தில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மீது கையெறிகுண்டு விழுந்தது, எட்டுப் பேருக்குக் காயம். காலையில் ரொட்டிச்சானாய் கடையில் எல்லோரும் "ஏதோ தொழில் தகராறு" என்றுதான் பேசிக்கொண்டோம். ஒரு வாரம் கழித்து, ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) தீவிரவாதிகளின் வேலை என்று போலீஸ் படைத் தலைவர் அறிவித்தபோது அதே மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை. குண்டு வீசிய இருவரும் வழக்கு நடந்துதான் 25 ஆண்டு சிறைக்குப் போனார்கள்.

இசா இருந்தபோது நிம்மதி என்கிறீர்கள். 2000 ஜூலையில் இசா இருந்ததே! அல்-மாவுனா என்ற ஆயுதக் கும்பல் ராணுவ அதிகாரிகள் போல வேடமிட்டு, பேராக் கிரிக் பக்கம் இரண்டு ராணுவ முகாம்களில் நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு சவுக் (Sauk) என்ற ஊர்க் காட்டுக்குள் போய்விட்டது. உளவுப் பிரிவுப் போலீஸ்காரர் சகாதேவனையும் ராணுவ வீரர் மேத்யூ மேடனையும் பிணைபிடித்துக் கொன்றார்கள். நம் வீட்டுப் பிள்ளை ஐயா, சகாதேவன். அந்தக் கும்பலின் தலைவனும் நீதிமன்றத்தில் நின்று, மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றத்துக்குத்தான் தூக்கில் தொங்கினான்.

சரி, இசா யார் மேல் பாய்ந்தது? 2007 டிசம்பரில், இந்தியர் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராஃப் இயக்கத் தலைவர்கள் ஐவர் மேல். விசாரணையே இல்லாமல் அவர்களும் அதே கமுண்டிங்குக்குத்தான் போனார்கள்.

2012இல் இசா போய் சொஸ்மா (பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்பு நடவடிக்கைச் சட்டம்) வந்தது. 28 நாள் காவல், ஜாமீன் கிடைப்பது அரிது. 2015இல் வந்த பொட்டாவில் (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) விசாரணையின்றி இரண்டு ஆண்டு வரை வைக்கலாம், நீட்டிக்கவும் செய்யலாம். ஐஎஸ் பயத்தைக் காட்டித்தான் பொட்டாவைக் கொண்டுவந்தார்கள். உளவுப் பிரிவு கண்காணிக்கட்டும், ஆளைப் பிடிக்கட்டும், ஆதாரத்தோடு கூண்டில் ஏற்றட்டும். அதற்கு நான் ஒருநாளும் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் 2019 அக்டோபரில் சொஸ்மாவில் பிடிபட்ட பன்னிரண்டு பேரை மறந்துவிட்டீர்களா? விடுதலைப் புலிகள் தொடர்பு என்றார்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். நான்கு மாதம் கழித்து 2020 பிப்ரவரியில், வழக்கை நடத்தப் போவதில்லை என்று சட்டத்துறைத் தலைவரே கைவிட்டார். 2019 தீபாவளி அவர்களுக்கு லாக்கப்பில்தான் விடிந்தது.

அன்புடன்.