பள்ளியில் பரிணாமத்தோடு படைப்புக் கொள்கையையும் சேர்த்துக் கற்பித்தால் என்ன தவறு?

கேள்வி கேட்டவர் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்திருக்கிறார்: "இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை மாணவர்களிடமே விட்டுவிடுவதுதானே நியாயம்? அறிவியல் ஏன் போட்டிக்கு அஞ்ச வேண்டும்?"

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி எனக்கும் இதே எண்ணம்தான். அமெரிக்காவில் இதற்காக நீதிமன்றம் வரை போகிறார்கள் என்று செய்தித்தாளில் படிக்கும்போது, வேலையற்ற வேலை என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இன்றைய பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தைத் திறந்தாலும், நாங்கள் அந்தக் காலத்தில் இளங்கலையில் படித்த நூல்களைத் திறந்தாலும், பரிணாமப் பாடத்தின் வாசலிலேயே படைப்புக் கொள்கை நிற்கும். உயிர்கள் தெய்வ சக்தியால் படைக்கப்பட்டவை என்று ஒரு பத்தி. அடுத்து, அழுக்கிலிருந்தும் அழுகலிலிருந்தும் உயிர் தானாகத் தோன்றும் என்று நம்பிய காலத்தைப் பற்றி ஒரு பத்தி. அப்புறம் லூயி பாஸ்டரின் அன்னக்கழுத்துக் குடுவை. பிறகு பாடம் தன் வழியில் போய்விடும். அந்த முதல் பத்தியை நானும் ஆண்டுதோறும் இரண்டு நிமிடத்தில் சொல்லிக் கடந்திருக்கிறேன். யாரும் வழக்குப் போடவில்லை.

மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து ஹாரிஸ்பர்க் பக்கம் வேலை பார்க்கிறான். ஒரு கோடை விடுமுறையில் அங்கே போயிருந்தபோது காரில் தெற்கே போகும் வழியில் டோவர் என்ற பெயர்ப்பலகை வந்தது. "அப்பா, உங்கள் டார்வின் வழக்கு இந்த ஊர்ப் பள்ளியால் வந்ததுதான்" என்றான். அன்றிரவே தீர்ப்பை அச்சிட்டு மேசைமேல் வைத்துவிட்டான். 139 பக்கம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். என் எண்ணம் மாறியது அந்த நான்கு நாட்களில்தான். எனவே உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ஊர்க் கதைதான்.

2004 அக்டோபர் 18 அன்று டோவர் பள்ளி வாரியம் ஒரு தீர்மானத்தை 6-க்கு 3 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அங்கே பள்ளி வாரியம் என்பது ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு, ஏறக்குறைய நம் ஊராட்சி மன்றம் போல. எதிர்த்து வாக்களித்த மூவரில் இருவர் கணவன் மனைவி. இருவரும் அந்தக் கூட்டத்திலேயே பதவி விலகினார்கள். தீர்மானத்தின்படி, ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் பரிணாமப் பாடம் தொடங்கும் முன் ஆசிரியர் ஓர் அறிக்கையை வாசிக்க வேண்டும். நான்கு சிறு பத்திகள். டார்வினின் கொள்கை ஒரு கொள்கைதான், உண்மை அல்ல. அதில் இடைவெளிகள் இருக்கின்றன. 'அறிவார்ந்த வடிவமைப்பு' (உயிர்களை ஏதோ ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்ற கருத்து) என்பது உயிரின் தோற்றத்துக்கு இன்னொரு விளக்கம். அதை அறிய விரும்புவோருக்கு இன்ன புத்தகம் நூலகத்தில் இருக்கிறது. உயிரின் தோற்றம் பற்றிய விவாதத்தைப் பள்ளி மாணவர்களிடமும் அவரவர் குடும்பத்திடமும் விட்டுவிடுகிறது. இவ்வளவுதான். வாசித்தபின் வகுப்பில் விவாதம் கிடையாது. அதைப் பற்றிக் கேட்டால் ஆசிரியர் பதில் சொல்ல மாட்டார்.

இந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு கருத்தைச் சொல், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள் என்று எந்தத் தலைமையாசிரியராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மாணவன் கை தூக்குகிறான். நான் சுவரைப் பார்க்க வேண்டும். 'இரண்டையும் சொல்லிவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்' என்ற பேச்சு நடைமுறையில் அங்கே இப்படித்தான் இறங்கியது.

டோவர் அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். பாடப்பொருளைத் தெரிந்தே திரித்துச் சொல்லக் கூடாது என்று மாநில ஆசிரியர் ஒழுக்க விதியே சொல்கிறது. இது அறிவியல் அல்ல, இதை அறிவியல் என்ற பெயரில் வாசிக்க எங்களால் ஆகாது என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில், 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். விருப்பமில்லாத பிள்ளைகள் அந்த நேரம் வெளியே போய் நிற்கலாம். அந்த வகுப்பறை வாசலை நினைத்துப் பாருங்கள்: சிலர் உள்ளே, சிலர் வெளியே, ஆசிரியரும் வெளியே.

இதற்குமுன் 2002-லேயே அந்தப் பள்ளியில் ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் வரைந்து கொடுத்த, மனிதப் பரிணாமத்தைக் காட்டும் 16 அடி நீள ஓவியம் அறிவியல் வகுப்பறையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் எரித்துவிட்டார்கள். தீர்ப்பில் அதுவும் பதிவாகியிருக்கிறது.

பதினொரு பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் முதலில் இருந்த டாமி கிட்ஸ்மில்லரின் பெயரால்தான் வழக்கு அறியப்படுகிறது. 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை ஹாரிஸ்பர்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணை. நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சிக்காரர்; அதிபர் ஜார்ஜ் புஷ் நியமித்தவர். வாரியத்தின் ஆதரவாளர்கள் அவரை நம்பித்தான் இருந்தார்கள்.

'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1925-இல் டென்னசி மாநிலம் டேட்டனில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்குப் பரிணாமம் நடத்தியதற்காக 100 டாலர் அபராதம் போட்டார்கள். அன்று பரிணாமத்துக்குத் தடை. 1968-இல் அர்கன்சாஸ் ஆசிரியை சூசன் எப்பர்சனின் வழக்கில் அத்தகைய தடை செல்லாது, அரசு மதத்துக்குத் துணைபோகக் கூடாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். தடுக்க முடியாது என்றானதும் பங்கு கேட்டார்கள்: பரிணாமம் நடத்தினால் 'படைப்பு அறிவியலும்' நடத்து என்று லூயிசியானா சட்டம் போட்டது. 1987-இல் அதுவும் அதே உச்ச நீதிமன்றத்தில் 7-க்கு 2 என்று விழுந்தது. உங்கள் கேள்வியில் இருக்கும் 'இரண்டையும்' என்ற சொல் அப்போதே ஒருமுறை நீதிமன்றத்தில் தோற்றுவிட்டது.

டோவர் அறிக்கை சிபாரிசு செய்த நூலகப் புத்தகத்தின் பழைய கையெழுத்துப் படிகளை நீதிமன்றம் வரவழைத்தது. தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் அவற்றை வரிசையாக வைத்துக் காட்டினார். 1987 தீர்ப்புக்கு முந்தைய படிகளில் 'படைப்பு' என்று இருந்த இடமெல்லாம் தீர்ப்புக்குப் பிந்தைய படிகளில் 'வடிவமைப்பு'. வாக்கியம் அதே, விளக்கம் அதே. பெயர்ப்பலகை மட்டும் வேறு. அவசரத்தில் ஒரு பிழையும் விழுந்திருந்தது. தமிழில் சொன்னால் 'படைப்புவாதிகள்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று போடும்போது முன்னால் ஒரு 'ப'வும் பின்னால் ஒரு 'கள்'ளும் மிஞ்சி, 'பவடிவமைப்பு ஆதரவாளர்கள்கள்' என்று அச்சுக்கோத்தது போல. விடைத்தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும்: பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதியவன் அகப்படுவது விடையால் அல்ல, எழுத்துப்பிழையால்.

அந்தப் புத்தகத்தின் 60 பிரதிகள் எப்படி வந்தன என்ற கதை இன்னும் மோசம். நன்கொடை தந்தது யாரென்று தெரியாது என்று சத்தியப் பிரமாணத்தில் சொன்னார்கள். விசாரணையில், வாரிய உறுப்பினர் ஒருவரே தன் தேவாலயத்தில் திரட்டிய பணத்துக்கு 850 டாலர் காசோலை எழுதி, இன்னொரு உறுப்பினரின் தந்தைக்கு அனுப்பியது வெளிவந்தது. பக்தியை மேடையில் முழங்கியவர்களே பொய் சொன்னார்கள் என்று நீதிபதி கசப்போடு எழுதியிருக்கிறார்.

வாரியத்தின் முக்கிய சாட்சி மைக்கேல் பீஹி, லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்டார்: அறிவியல் கொள்கைக்கு நீங்கள் தரும் வரையறையை ஏற்றால் ஜோதிடமும் அறிவியல் கொள்கை ஆகுமா? ஆகும் என்று ஒப்புக்கொண்டார். (சிரிக்க வேண்டாம். 2001-இல் ஜோதிடத்தைப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பாக நடத்த நம் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பாடு செய்தது. எதிர்த்துப் போட்ட வழக்கு 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.) நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பரிணாமம் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும், போதாததற்குப் புத்தகங்களையும் சாட்சிக் கூண்டில் அவர்முன் அடுக்கினார்கள். பரிணாமத்துக்கு இவை போதுமான சான்று அல்ல என்றார் அவர். எவ்வளவு வைத்தால் போதும் என்பதற்குத்தான் விடை இல்லை.

2005 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல. அது படைப்புவாதத்தின் மறுபெயர். அரசுப் பள்ளியில் அதற்கு இடமில்லை. தீர்ப்பு வருமுன்பே, நவம்பர் 8 தேர்தலில் நின்ற எட்டு வாரிய உறுப்பினர்களையும் ஊர் மக்கள் தோற்கடித்துவிட்டார்கள். வழக்குச் செலவாகப் பள்ளி தர வேண்டி வந்தது பத்து லட்சம் டாலருக்குச் சற்றுமேல். அந்தப் பணத்தில் எத்தனை ஆய்வுக்கூடம் கட்டியிருக்கலாம் என்று கணக்குப் போட்டேன், வாத்தியார் புத்தி. நீதிபதிக்குக் கொலை மிரட்டல் வந்து குடும்பத்துக்கே காவல் போட வேண்டியிருந்தது.

இப்போது என் இரண்டு நிமிடப் பத்திக்கு வருகிறேன். நான் சொல்லிக் கடந்ததற்கும் டோவர் கேட்டதற்கும் என்ன வேறுபாடு? அழுகலிலிருந்து உயிர் தோன்றும் என்ற கருத்துக்குப் பாடத்தில் பாஸ்டரின் குடுவை இருக்கிறது. கொதிக்க வைத்த ரசம், வளைந்த கழுத்து, தூசி உள்ளே போக முடியாது. நாட்கணக்கில் வைத்திருந்தும் ரசம் கெடவில்லை. கழுத்தை உடைத்தால் கெடுகிறது. அந்தக் கருத்து களத்தில் இறங்கியது, தோற்றது. படைப்புக் கொள்கைக்கு அப்படி ஒரு குடுவை பாடத்தில் இல்லை என்பதை 20 வருடம் கவனிக்காமலே நடத்தியிருக்கிறேன். அது தோற்கடிக்கப்பட்டதால் அல்ல. அதைத் தோற்கடிக்கக்கூடிய சோதனை என்று ஒன்றை யாராலும் சொல்ல முடியாததால். அறிவியல் போட்டிக்கு அஞ்சவில்லை ஐயா. போட்டிக்கு வா என்றுதான் கூப்பிடுகிறது. மாணவர்கள் ஒரு காலத்தில் மனிதர்கள் நம்பியது என்ற வரலாறாக அதைத் தெரிந்துகொள்ளலாம், தெரிந்துகொள்ளவும் வேண்டும். களத்தில் நிற்கும் எதிராளி என்று அறிமுகப்படுத்துவதுதான் பொய்.

நடைமுறையில் இன்னொன்று. 'படைப்புக் கொள்கை' என்கிறீர்கள், யாருடையது? என் வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகள் இருந்தார்கள், குலதெய்வத்தைத் தவிர வேறு சாமி அறியாதவர்களும் இருந்தார்கள். பைபிளின் ஆறு நாள் கதையைச் சொன்னால் பிரமனைச் சொல்லாமல் விட முடியுமா? பிரமனைச் சொன்னால் எந்தப் புராணத்துப்படி? எதைச் சொன்னாலும் மற்றவன் வீட்டு நம்பிக்கைக்கு ஆசிரியர் மதிப்பெண் போட வேண்டிவரும்.

இதைச் சொன்னவுடன் "அப்படியானால் நீங்கள் நாத்திகரா?" என்று கேட்பார்கள். டோவர் வழக்கில் பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி கென்னத் மில்லர், அந்தப் பள்ளியின் உயிரியல் பாடப்புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவர், கத்தோலிக்கர். வழக்குத் தொடுத்தவர்களிலும் தேவாலயம் போகிறவர்கள் இருந்தார்கள். நான் சஷ்டி விரதம் இருப்பவன்.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வருகிறது. 2018-இல் டார்வின் கொள்கை தவறு என்று பேசினார் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங். 2023-இல் மத்தியப் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி-யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்ற பாடம் வெறும் 'பாரம்பரியம்' ஆனது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்கிறார்கள். உயிரியல் எடுக்காதவனுக்கு அது இல்லை. நம் மாநிலப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது, அந்த வரைக்கும் நிம்மதி.

ஊருக்குத் திரும்பியபின் மில்லர் நீதிமன்றத்தில் சொன்ன ஒன்றை வகுப்பில் செய்து பார்த்தேன். மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை). சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டானுக்கு 24. மூதாதை ஒன்று என்றால் ஒரு ஜோடி எங்கே? தொலைந்திருந்தால் உயிரே பிழைத்திருக்காது. ஆகவே இரண்டு ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். இரண்டு சாக்பீஸ்களின் முனைகளில் சிவப்பு மை தடவி நெடுக்காக ஒட்ட வைத்துக் காட்டினேன். நுனியில் இருக்க வேண்டிய சிவப்பு இப்போது நடுவில். அதே போல, நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை நடுவில் கிடக்கும் ஒரு குரோமோசோம் மனிதனிடம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் டார்வின் பாடு திண்டாட்டம் என்றேன். அறிவியலாளர்கள் தேடினார்கள், இரண்டாம் எண் குரோமோசோமில் இருக்கிறது. ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியர், அதில் செயலிழந்த இரண்டாவது ஒன்றின் தடமும் இருக்கிறது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "ஒட்டியது யார் சார்?"

வகுப்பு சிரித்தது. அவன் கேலியாகக் கேட்கவில்லை. "யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாதப்பா. அதை உன் அப்பத்தாவிடம் கேள், கோயிலில் கேள். எப்படி ஒட்டியது என்று கேட்டால் நாளைக்கு முதல் பீரியடிலேயே சொல்கிறேன்" என்றேன். மறுநாள் அவன் வரவில்லை, வீட்டில் நடவு என்றார்கள். டெலோமியர் தேய்ந்தால் முனைகள் ஒட்டிக்கொள்ளும் கதையை மற்ற 40 பேருக்குச் சொன்னேன். அவனுக்கு வெள்ளிக்கிழமை மதிய உணவு இடைவேளையில் தனியாக.