பட்டறைக் கேள்வி பதில்: முப்பத்தேழாவது பல்

கேள்வி: ஐயா, வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய மில்லிங் மெஷின் வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து இரவில் கியர் வெட்டுவேன். வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியைச் சுற்றித் துளைத் தட்டில் துளை எண்ணும்போது, தூக்கக் கலக்கத்தில் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. சிறு சிறு படிகளாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் வைக்கலாமா? கைப்பிடி இருக்கும் வார்ம் தண்டில் நேராகப் பூட்டுவதா, பெல்ட் போடுவதா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வைக்கலாம். நானும் வைத்தேன். வைத்த வாரமே ஒரு கியரைப் பாழாக்கினேன்.

உங்களுடையதும் 40-க்கு 1 ஹெட்டாகத்தான் இருக்கும். கைப்பிடி 40 சுற்றுக்கு, கியரைத் தாங்கும் ஸ்பிண்டில் ஒரு சுற்று. சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 ஸ்டெப். ஆக, முழு வட்டத்துக்கு 8,000 ஸ்டெப். எனக்கு வேண்டியிருந்தது 37 பல், மாட்யூல் (பல்லின் அளவு) 2. எட்டாயிரத்தை 37 ஆல் வகுத்தால் 216-ம் சொச்சமும் வரும். சொச்சம்தானே என்று தள்ளிவிட்டு, பல்லுக்கு 216 ஸ்டெப் என்று நிரல் எழுதிவிட்டேன். தள்ளிய சொச்சமெல்லாம் சேர்ந்து கடைசியில் 8 ஸ்டெப், அதாவது 0.36 டிகிரி. அவ்வளவும் ஒரே பல்லின் தலையில் விழுந்தது. அந்தப் பல் மட்டும் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தடித்து நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஜோடிக் கியரோடு சேர்த்துச் சுற்றியபோது, சுற்றுக்கு ஒரு தடவை 'டொக்' என்றது. துளைத் தட்டை வைத்துக்கொண்டு, 37 துளை வட்டத்தில் ஒரு சுற்றும் மூன்று துளையும் என்று பேசாமல் கையால் வெட்டியிருந்தால் இந்தப் பிசகு வந்தே இருக்காது. முப்பது ஆண்டு டூல்ரூமில் துளை எண்ணியவனுக்கு இது தேவைதான்.

ஆகவே, இந்தப் பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு எத்தனை ஸ்டெப் என்று கணக்கிடாதீர்கள். ஒவ்வொரு பல்லின் இடத்தையும் பூஜ்யத்திலிருந்தே கணக்கிட்டு, பிறகு முழு எண்ணாக்குங்கள்: 216, 432, 649, 865, 1081 என்று போகும். எந்தப் பல்லிலும் பிழை அரை ஸ்டெப்பைத் தாண்டாது. அதே கியரில் அது 0.015 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

பெல்ட்டே போடுங்கள். பல் வைத்த பெல்ட். மோட்டாரில் சின்னப் புல்லி, வார்ம் தண்டில் அதற்கு இரட்டிப்புப் பற்கள் உள்ள புல்லி. ஸ்டெப் 16,000 ஆகும், இழுவையும் இரட்டிக்கும். நேராகப் பூட்டினால் மோட்டார் தண்டும் வார்ம் தண்டும் மயிரிழை விலகினாலும் வார்ம் இறுகும். கழற்றிய கைப்பிடியையும் துளைத் தட்டுகளையும் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள்; மின்சாரம் இல்லாத நாளில் தேடுவீர்கள். ஒரு ஸ்டெப்பையே பல துண்டாக்கும் மைக்ரோஸ்டெப் போட்டால் துல்லியம் எகிறும் என்று விற்பவர் சொல்வார். ஓட்டம் மென்மையாகும், அவ்வளவுதான்.

வார்முக்கும் அதன் சக்கரத்துக்கும் இடையே உள்ள ஆட்டத்தை மோட்டார் போக்காது. எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நில்லுங்கள். பின்னால் போக வேண்டி வந்தால், வேண்டிய இடத்தைக் கடந்து கைப்பிடிக் கணக்கில் அரைச் சுற்றுப் போய், மறுபடி முன்னோக்கி வாருங்கள்.

வெட்டும்போது ஸ்பிண்டில் பூட்டைக் கட்டாயம் இறுக்குங்கள். கட்டரின் உதறலை வார்ம் பற்கள் தாங்கக் கூடாது. ஆனால் பூட்டைத் தளர்த்த மறந்து பட்டனை அழுத்தினால் மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமும். ஸ்பிண்டில் நகர்ந்திருக்காது, நிரலோ நகர்ந்ததாகவே கணக்கில் எழுதிக்கொள்ளும். அதற்கு மேல் வெட்டுவதெல்லாம் வீண். பூட்டுக் கைப்பிடியில் ஒரு லிமிட் ஸ்விட்ச் வைத்து, பூட்டு தளர்ந்தால்தான் மோட்டார் ஓடும்படி செய்துவிட்டேன். இந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அதைத்தான் சொல்வேன்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள், மோட்டாரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் போய்விடும். இரும்புச் சீவல் விழாதபடி எல்லாவற்றையும் மூடி வையுங்கள்.

கேள்வி: என் லேத்தில், மரை வெட்டும்போது கருவியை நகர்த்தும் லீட் ஸ்குரூ அங்குலக் கணக்கு. மெட்ரிக் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும் என்கிறார்கள். மோட்டார் வைத்த ஹெட்டில் வெட்ட முடியுமா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தாராளமாக. அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதன் ஐந்து மடங்கு 127. இது பகா எண்; 37-க்கு இருப்பதுபோல் இதற்குத் துளை வட்டமும் வழக்கமான துளைத் தட்டுகளில் இல்லை என்பதால் நேரடியாகக் கிடைக்காது. மோட்டாருக்கோ இது அல்வா: 8,000 ஸ்டெப்பில் பல்லுக்கு 63 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும், வட்டம் முடியும்போது ஒரே ஒரு ஸ்டெப்தான் மிகும். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்காகவே பிறந்த எண்.

மாட்யூல், உங்கள் லேத்தின் மற்ற கியர்களோடு சேர்வதாக இருக்க வேண்டும். மாட்யூல் 1 என்றால் வெளிவிட்டம் 129 மில்லிமீட்டர், மாட்யூல் 2 என்றால் 258. உலோகம் வாங்குமுன் மேசையிலிருந்து ஹெட்டின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்துவிடுங்கள். மாட்யூல் 2 கியருக்கு அந்த உயரம் 129 மில்லிமீட்டருக்கு மேல் இல்லையென்றால், கியர் மேசையில் இடிக்கும்.